முதல் ஐம்பது பக்கம் புரியலைன்னா பரவால்ல

சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி எல்லாம் நீ எப்படித்தான் படிக்கிற, எனக்கு பத்து பக்கத்துக்கு மேல தாண்டவே மாட்டேங்குதுன்னு ஆபீஸ்ல, அபார்ட்மென்ட் லிஃப்ட்ல, சொந்தக்காரங்க கல்யாணப் பந்தில கூட கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே மூச்சுல எழுதிடறேன். நான் இலக்கியம் படிச்சவ எல்லாம் கிடையாது, பி.காம் முடிச்சிட்டு பெங்களூர் வந்து ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன், மாசம் பொறந்தா ஜிஎஸ்டி, டிடிஎஸ்னு ஓடிட்டே இருக்கணும், அதுக்கு நடுவுல சந்தோஷத்துக்காக படிக்கறது மட்டும்தான் என் படிப்பு. அதனால நான் சொல்றது எல்லாம் அந்தக் கணக்குலதான், பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்கு இல்ல.

நான் பாத்த வரைக்கும் பாதில விடறவங்க எல்லாரும் ஒரே காரணத்துக்காகத்தான் விடறாங்க. புரியல, அதனால நமக்கு இங்கிலீஷ் பத்தல, இல்லன்னா சயின்ஸ் பத்தலன்னு நெனச்சுக்கறாங்க. ரெண்டும் இல்ல. இந்த வகை புக்ல ஆரம்பத்துல புரியாம இருக்கறதுதான் நார்மல், எழுதினவரே வேணும்னுதான் அப்படி வெச்சிருக்கார். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ல எழுதின டியூன் எடுத்துக்கோங்க. ஆரம்பத்துலயே கேலடான், அராக்கிஸ், பெனி ஜெஸரிட், க்விசாட்ஸ் ஹாடராக்னு வரிசையா வந்து விழுது, ஒண்ணுக்கும் விளக்கம் கிடையாது, கடைசில ஒரு அகராதி வெச்சிருக்காங்க, நெறைய பேர் ஒவ்வொரு வார்த்தைக்கும் அங்க ஓடிப் போய் பாத்துட்டு வந்து, ரெண்டு நாள்ல களைச்சுப் போய் மூடி வெச்சிடறாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. அந்த முதல் சீன்ல என்ன நடக்குது? பதினஞ்சு வயசுப் பையன், ஒரு கெழவி வந்து ஒரு பெட்டிக்குள்ள கையை விடச் சொல்றா, கழுத்துகிட்ட விஷ ஊசி ஒண்ணைப் பிடிச்சிட்டு நிக்கறா, கையை வெளிய எடுத்தா ஊசி எறங்கிடும், உள்ள கை எரியற மாதிரி வலி. அவ்வளவுதான். இது புரிஞ்சா போதும், மிச்சம் எல்லாம் எரநூறாவது பக்கத்துல தானா வந்து உக்காந்துக்கும். தெரியாத பேர் வந்தா ஊர் பேரா ஆள் பேரா சாமி பேரான்னு மட்டும் ஒரு குத்துமதிப்பா வெச்சிட்டு நகர்ந்துடணும்.

இது நமக்குப் புதுசும் இல்ல. ஏழு கடல் தாண்டி ஒரு குகைல ஒரு கிளி, அந்தக் கிளி கழுத்துல அரக்கனோட உசிருன்னு சொன்னப்ப எந்தக் கடல்னு யாரும் கேக்கல. 1947ல இருந்து அம்புலிமாமா வந்த வீடுகள்ல வேதாளம் முருங்கை மரத்துல ஏறினதுக்கு யாரும் லாஜிக் கேக்கல. 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே இரும்புக்கை மாயாவியை வெச்சுத்தான், ஷாக் அடிச்சா ஆள் மறைஞ்சுடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும், எங்க அப்பா தலைமுறையே அதை வாய் பொளந்து படிச்சிருக்கு. அப்ப இருந்த அந்தப் பொறுமை வளந்தப்புறம் எங்க போச்சுன்னு தெரியல, ஒருவேளை ஸ்கூல்ல கோனார் நோட்ஸோட படிச்சு படிச்சு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரிஞ்சாகணும்ங்கற பழக்கம் வந்துடுச்சோ என்னமோ.

சரி, அப்போ எவ்வளவு தூரம் பொறுத்துக்கறது? இதுக்கு அமெரிக்கால நான்சி பேர்ல்னு ஒரு லைப்ரேரியன் ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. உங்க வயசு ஐம்பது வரைக்கும்னா ஐம்பது பக்கம் படிங்க, பிடிக்கலன்னா தூக்கி வைங்க. ஐம்பது தாண்டியாச்சுன்னா நூறுல இருந்து வயசைக் கழிச்சு வர்ற பக்கம் படிச்சா போதும். இதை எங்க மாமனார்கிட்ட சொன்னேன், அவருக்கு எழுபத்திரண்டு. "அப்போ எனக்கு இருபத்தெட்டா?"ன்னு கேட்டுட்டு அன்னைக்கே நான் குடுத்த ஒரு டிராகன் புக்கை இருபத்தெட்டாவது பக்கத்துல மார்க் வெச்சு என் டேபிள்ல கொண்டு வந்து வெச்சுட்டார், இருபத்தொன்பதாவது பக்கத்தைத் திரும்பிக்கூட பாக்கல. அப்படித்தான் இருக்கணும். விட்டா பாவம் எதுவும் இல்ல. ஆனா உங்க கணக்குப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி விடாதீங்க, இந்த வகைல முதல் முப்பது பக்கம் கிட்டத்தட்ட எல்லா புக்குமே மொரண்டு பிடிக்கும்.

மாமா கதையை இங்கயே சொல்லிடறேன். அவர் ஜாலஹள்ளி பக்கம் ஒரு ஃபேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவர், சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல (பிஇஎல்) இருந்த ஊர்ல நானும் வேலை பாத்தேன்ங்கறதுல அவருக்கு இன்னும் ஒரு கெத்து. என் இனிய இயந்திரா ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்ப வாரா வாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்ச ஆள், ஜீனோங்கற அந்த ரோபோ நாயைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். ஆனா இங்கிலீஷ்ல படிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அவருக்கு என்ன குடுக்கறதுன்னு யோசிச்சு ஆர்தர் சி. கிளார்க்கோட ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் குடுத்தேன். கிளார்க் 1956ல இருந்து 2008ல சாகற வரைக்கும் இலங்கைலதான் இருந்தார், இந்த நாவல் 1979ல வந்துது, பூமில இருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டற கதை. கதை நடக்கற தீவு பேரு டாப்ரொபேன். மாமா ரெண்டு நாள் சத்தமே இல்ல, மூணாவது நாள் நான் சப்பாத்தி தேச்சிட்டு இருக்கேன், புக்கைத் தூக்கிட்டு கிச்சனுக்கே வந்துட்டார்.

"ஏம்மா, இது சிகிரியாவேதான். நாங்க டூர் போனப்ப ஏறினோமே, அந்தப் பாறை, மேல அரண்மனை, சுவத்துல பொம்பளைங்க ஓவியம். பேரை மட்டும் மாத்தி வெச்சிருக்கான். ஆனா இவன் இலங்கையைப் பூமத்திய ரேகைக்கு எறக்கிட்டானே, அது ஏன்?"

"லிஃப்டோட கயிறு மேல ஒரு சாட்டிலைட்ல இருந்து தொங்கணும்ல மாமா, அது பூமியோட சேந்தே சுத்தணும், அதுக்கு பூமத்திய ரேகைக்கு நேர் மேலதான் நிக்கணும்."

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்," அப்படின்னார் உடனே. ஃபேக்டரி ஆள் இல்லையா. "அப்போ சரி. கதைக்காக ஊரையே நகத்தியிருக்கான், பெரிய ஆளுதான்." அதே கிளார்க்தான் 1945லயே அந்த உயரத்துல சாட்டிலைட் நிறுத்தி உலகம் பூரா ரேடியோ அனுப்பலாம்னு கட்டுரை எழுதினவர்னு சொன்னேன், அப்புறம் இங்கிலீஷ் புக்னு முணுமுணுக்கறதை நிறுத்திட்டார்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, யாருக்காவது இந்த வகை புக் குடுக்கணும்னா ஃபேமஸா இருக்கறதைக் குடுக்காதீங்க, அவங்க ஏற்கனவே ஆசையா பேசற விஷயம் எதுவோ அதுக்குள்ள போற புக்கைக் குடுங்க. இந்த வகை புக்குக்குக் குடுக்கற ஹ்யூகோ அவார்டு லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து வரிசையா டிக் அடிச்சுப் படிக்கற ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருக்கார், பாவம், சந்தோஷமா இருக்கற மாதிரியே தெரியல. எனக்கு கணக்கு பிடிக்கும், அதனால ஆண்டி வேயரோட தி மார்ஷியன் எனக்கு அவ்வளவு இழுத்துது, செவ்வாய்ல தனியா மாட்டிக்கிட்டவன் எத்தனை உருளைக்கிழங்கு, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை நாள் தாங்கும்னு போட்டுட்டே இருப்பான், மாசக் கடைசி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மாதிரியே இருக்கும். அதுல வர்ற கெமிஸ்ட்ரி எனக்குப் பாதி புரியல, புரிஞ்சுக்கவும் முயற்சி பண்ணல. சயின்ஸ் பத்தி வந்தா கண்ணை ஓட விட்டு "வெடிக்குமா வெடிக்காதா"ன்னு மட்டும் பாத்துட்டு போயிடலாம்.

அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வேற ஒண்ணு. ரோக்கேயா சகாவத் ஹுசைன் எழுதின சுல்தானாஸ் ட்ரீம், 1905ல நம்ம மெட்ராஸ்ல வந்துட்டு இருந்த இண்டியன் லேடீஸ் மேகசின்ல வந்துது. வங்காளத்துல பர்தாக்குள்ள வளந்த பொண்ணு இங்கிலீஷ்ல எழுதி மெட்ராஸ் பத்திரிகைல வந்த கதை, பறக்கற வண்டி, சூரிய வெப்பத்தைச் சேத்து வெச்சு சண்டைல எதிரிமேல விடறதுன்னு எல்லாமே இருக்கு. அந்த நாட்ல ஆம்பளைங்க எல்லாம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடப்பாங்க, பொம்பளைங்க ஆட்சி. ஒரு ஞாயித்துக்கிழமை அத்தை பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தாங்க, நான் ஃபோன்ல வெச்சு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். பொம்பளைங்க ஆபீஸ் வேலையை ரெண்டே மணி நேரத்துல முடிச்சிடறாங்க, ஆம்பளைங்களால ஏன் முடியலன்னா ஒரு சுருட்டு புடிக்க அரை மணி நேரம், ஒரு நாளைக்கு பன்னெண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையாவே போச்சுன்னு அதுல ஒரு கணக்கு வரும். அத்தை கத்தியைக் கீழ வெச்சுட்டு சிரிச்சாங்க பாருங்க. "அரசியல் பேசற நேரத்தை விட்டுட்டாளே, அதையும் சேத்துக்கச் சொல்லு"ன்னு ஹால் பக்கம் பாத்து சத்தமா சொன்னாங்க. ஹால்ல மாமா பேப்பர் பக்கத்தைத் திருப்பிக்கிட்டார். காப்பிரைட் முடிஞ்ச கதை, நெட்ல இலவசமாவே கெடைக்கும், பத்து பதினஞ்சு பக்கம்தான்.

ஆரம்பிக்கறவங்க சிறுகதைல ஆரம்பிச்சா நல்லதுன்னு நான் அடிச்சு சொல்வேன். எனக்கு இது மெட்ரோல வந்த பழக்கம். அல்சூர்ல ஏறி பர்ப்பிள் லைன்ல காடுகோடி வரைக்கும் போகணும், முக்கால் மணி நேரம் போல ஆகும், மெஜஸ்டிக்ல இருந்தே நெறைஞ்சு வர்ற ட்ரெயின், சீட் எல்லாம் கனவுதான், ஒரு கைல கம்பி, ஒரு கைல புக். அந்த நிலைமைல எண்ணூறு பக்க யுத்த நாவல் வேலைக்கு ஆகாது, ஒரு ட்ரிப்புக்கு ஒரு கதைன்னு போனா காடுகோடி வர்றதுக்குள்ள ஒரு உலகம் முடிஞ்சிடும். அசிமோவ் 1941ல எழுதின நைட்ஃபால், ஆறு சூரியன் இருக்கற கிரகம், ரெண்டாயிரத்து நாப்பத்தொம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் ராத்திரி வரும், அந்த ராத்திரிக்கு முன்னாடி நாள் என்ன ஆகுதுங்கறதுதான் கதை. ரே பிராட்பரி 1950ல எழுதின ஒரு கதைல எல்லாமே ஆட்டோமேட்டிக்கா நடக்கற ஒரு வீடு, காலைல டைம் சொல்லுது, டிஃபன் பண்ணுது, தரை தொடைக்குது, ஆனா வீட்ல ஆளே இல்ல. ஏன் இல்லன்னு சுவத்தைப் பாத்தா தெரியும். அதே வருஷம் மார்ஷியன் கிரானிகிள்ஸ் புக்ல வந்தப்ப அந்தக் கதை நடக்கறது 2026 ஆகஸ்ட்ல, அதனால இப்ப படிச்சா ஒரு மாதிரி வயித்தைப் பிசையும். டெட் சியாங் கதைகளும் அப்படித்தான், ஆனா அதை மெட்ரோல படிக்காதீங்க, எறங்க வேண்டிய ஸ்டேஷன் போயிடும். தமிழ்லயே வேணும்னா சுஜாதா சிறுகதைகள் இருக்கவே இருக்கு, ஜெயமோகனோட விசும்பு தொகுப்பும் இருக்கு, நம்ம சித்த மருத்துவம், ரசவாதம்னு உள்ளூர் அறிவை வெச்சு எழுதின கதைகள்.

வாங்கறது பத்தி. புதுசு வாங்கி கட்டுப்படி ஆகாது, நான் பெரும்பாலும் சர்ச் ஸ்ட்ரீட் ஆளு. பிளாசம், புக்வோர்ம் ரெண்டுலயும் பழைய புக் மலை மாதிரி கெடக்கும், சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரேக் முன்னாடி தரைல உக்காந்து பாக்கறவங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க. அங்க நான் பண்றது என்னன்னா, முதல் பக்கம் படிச்சிட்டு, உடனே நடுவுல எங்கயாவது ஒரு பக்கம் பிரிச்சு அதையும் படிப்பேன். முதல் பக்கத்தை எல்லாருமே நல்லா எழுதிடுவாங்க, நடுப்பக்கம்தான் ஆளோட நெஜ நடையைக் காட்டும். வாக்கியம் உங்களுக்கு ஓடுதான்னு மட்டும் பாருங்க. டோல்கீனோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல கொஞ்சம் பழைய காலத்து வாடை, மெதுவாத்தான் போகும், எல்ராண்ட் வீட்ல ஆளாளுக்கு உக்காந்து பேசற ஒரு அத்தியாயம் வரும், அங்க நெறைய பேர் தூங்கிடுவாங்க. அதே மனுஷன் 1937ல எழுதின ஹாபிட் சின்னப் பசங்களுக்கு சொன்ன கதை, சர்ருன்னு போகும். உர்சுலா லெ குவின் இங்கிலீஷ் தெளிஞ்ச தண்ணி, அகராதியே வேண்டாம்.

பழைய புக் வாங்கறப்ப முதுகைத் திருப்பி உத்துப் பாருங்க, "புக் டூ"ன்னு கடுகு சைஸ்ல போட்டிருப்பான், சில பதிப்புல அதுவும் இருக்காது, உள்ள முதல் ரெண்டு பக்கத்துல "இதே ஆசிரியரின் மற்ற நூல்கள்" லிஸ்ட் பாத்தாதான் தெரியும். ஒரே புக் லண்டன்ல ஒரு பேர்லயும் அமெரிக்கால ஒரு பேர்லயும் வரும், பிலிப் புல்மன் 1995ல எழுதின நார்தர்ன் லைட்ஸ்தான் அமெரிக்கால கோல்டன் காம்பஸ், ரெண்டையும் ரெண்டு புக்னு நெனச்சு வாங்கறவங்க இருக்காங்க. கடைசி பக்கம் இருக்கான்னு பாருங்க, இது சொல்லவே வேண்டாம். அப்புறம் அந்தச் சின்ன சைஸ் மாஸ் மார்க்கெட் பேப்பர்பேக் ஹேண்ட்பேக்ல அழகா உக்காரும், ஆனா முப்பது வருஷப் பழசா இருந்தா பிரிக்கும்போதே பசை படபடன்னு விட்டு பக்கம் கையோட வரும், கடைலயே ஒரு தடவை மெதுவா பிரிச்சுப் பாத்துடுங்க.

சீரிஸ் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு, முடிஞ்சுதான்னு கேட்டுட்டு எடுங்க. ஜார்ஜ் மார்ட்டின் கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரிஸோட அஞ்சாவது புக்கை 2011ல விட்டார், ஆறாவது எப்ப வரும்னு அவர்கிட்ட கேக்கறதை எல்லாரும் விட்டுட்டாங்க. வீல் ஆஃப் டைம் பதினாலு வால்யூம், எழுதின ராபர்ட் ஜோர்டன் 2007ல போய்ட்டார், கடைசி மூணை அவர் குறிப்பை வெச்சு பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013ல முடிச்சார், முடிஞ்சுதே, அதுவே பெருசு. டெர்ரி பிராட்செட்டோட டிஸ்க்வேர்ல்டு நாப்பத்தொண்ணு இருக்கு, ஆனா பயப்படாதீங்க, எங்க வேணா ஆரம்பிக்கலாம், முதல் புக்ல ஆரம்பிக்கறதுதான் சுமார், நான் எல்லாருக்கும் கார்ட்ஸ் கார்ட்ஸ்தான் குடுப்பேன், ஊர் போலீஸ் ஸ்டேஷன் கதை, டிராகன் வருது, சிரிச்சு சிரிச்சு பக்கத்து சீட்காரங்க திரும்பிப் பாப்பாங்க.

பேர் நெறைய வர்ற புக்னா புக்மார்க்கா ஒரு வெள்ளைப் பேப்பரை மடிச்சு வெச்சு அதுலயே யார் யாருன்னு எழுதிட்டே போங்க. லியூ சிக்ஸினோட த்ரீ பாடி பிராப்ளம் படிக்கறப்ப எனக்கு இது ரொம்ப கை குடுத்துது, சீனப் பேர்ல குடும்பப் பேர் முன்னாடி வரும், யெ வென்ஜியேன்னா யெங்கறதுதான் குடும்பப் பேர், இது ஒண்ணு தெரிஞ்சா அப்பா யாரு பொண்ணு யாருங்கற பாதி கொழப்பம் போயிடும். மேப் இருந்தா முதல்லயே உக்காந்து மனப்பாடம் பண்ணாதீங்க, ஆளுங்க கெளம்பி நடக்க ஆரம்பிச்சப்புறம் பாத்துக்கலாம்.

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப லெ குவின் 1968ல எழுதின எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ குடுத்தேன், சர்ச் ஸ்ட்ரீட்ல எடுத்த பழைய காப்பி. சாயந்திரம் வந்து கேக்கறா, "சித்தி, அட்டைல இருக்கற இந்த வெள்ளைக்காரன் யாரு? உள்ள ஹீரோ கெட் செம்பழுப்பு நிறம்னுல்ல போட்டிருக்கு, அவன் ஃபிரெண்டு வெட்ச் கருப்பு." அவ சொன்னதுக்கு அப்புறம்தான் நானே அட்டையை ஒழுங்கா பாத்தேன். லெ குவினே இதுக்கு எவ்வளவோ வருஷம் சண்டை போட்டிருக்காங்க, 2004ல டிவில எடுத்தப்பவும் கெட்டை வெள்ளையாக்கிட்டாங்கன்னு கோவமா எழுதினாங்கன்னு சொன்னேன். அன்னைக்கே பிரவுன் பேப்பர்ல அட்டை போட்டு ஸ்கெட்ச் பென்ல அவளே ஒரு கெட் வரைஞ்சுட்டா, பாக்க எங்க தெரு கூரியர் பையன் ஜாடை. பசங்ககிட்ட குடுத்துட்டு "எவ்வளவு முடிச்ச, என்ன கத்துக்கிட்ட"ன்னு கேக்காம விட்டா இந்த மாதிரி எல்லாம் தானா வரும். கேட்டா ஹோம்வொர்க் ஆயிடும்.

படிச்ச புக்கை என்ன பண்றதுன்னா, சர்ச் ஸ்ட்ரீட்ல பழைய புக் கடைல சிலதுல திருப்பி எடுத்துப்பாங்க, விலை கம்மியாத்தான் போடுவாங்க, ஆனா அந்தக் காசுக்கு வேற புக் எடுத்துக்கலாம். கிறுக்கல், ஈரம் பட்டது, அட்டை கிழிஞ்சது எடுக்க மாட்டாங்க. கிளார்க்கோட ராண்டெவூ வித் ராமா அப்படித்தான் எங்க வீட்லயே தங்கிடுச்சு. ஐம்பது கிலோமீட்டர் நீள உருளை ஒண்ணு வெளிய இருந்து சூரியன் பக்கம் வருது, கிரேக்க ரோமானிய சாமி பேரெல்லாம் தீர்ந்து போனதால நம்ம சாமி பேரை வெச்சுட்டாங்க. அது நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்துதுன்னு படிச்ச ஒடனே மாமா பென்சிலை எடுத்துட்டார், உள்ள எட்டு கிலோமீட்டர் ஆரத்துல நின்னா எடை எவ்வளவு இருக்கும்னு மார்ஜின் பூரா கணக்கு, இங்க இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலன்னு விடை வந்து, அது புக்ல சொன்னதோட ஒத்துப்போனதுல ரெட்டைக் கோடு வேற போட்டிருக்கார். கடைக்காரர் பொறட்டிப் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டே என் கைலயே குடுத்துட்டார், இப்ப அது அக்கா பொண்ணோட லைன்ல அடுத்தது.